பைதன் வரிவரியாகத்தான் ஓடுதாம், கேளுங்கோ

பரந்தன்_பொடியன்: கிளிநொச்சிப் பக்கம் ஒரு ரியூசன் நோட்ஸ் கைமாறிக் கைமாறி என் தங்கச்சியிடமும் வந்துவிட்டது. அதில் கொட்டை எழுத்தில், நிரல் மொழி இரண்டு வகையாம், சி கொம்பைலர் மொழி (எழுதின நிரல் முழுவதையும் முதலிலேயே இயந்திர மொழியாக மாற்றிவிட்டு ஓட்டுவது), பைதன் இன்ரர்பிரற்றர் மொழி (மாற்றி வைக்காமல் வாசித்தபடியே ஓட்டுவது), பைதன் ஒருபோதும் கொம்பைல் ஆகாது, வரிவரியாக வாசித்து ஓடுமாம். ஒருபோதுமாம்! அப்போ பைதன் ஃபைலுக்குப் பக்கத்தில் பைகேஷ் என்று ஒரு ஃபோல்டர் முளைத்து, அதற்குள் கொம்பைல் ஆன பைதனைச் சேமித்த பிவைசி ஃபைல் கிடக்கிறதே, அதென்ன பேய் வைத்துவிட்டுப் போனதா?

மல்லாவி_மாஸ்டர்: தம்பி, உயர்தர (ஏஎல்) பரீட்சையில் கேட்டால் இன்ரர்பிரற்றர் என்று எழுதினால்தான் புள்ளி. உம்முடைய ஃபோல்டருக்கு யார் புள்ளி போடுவது? பிள்ளைகளைக் குழப்பாதேயும்.

வவுனியா_வண்டு: இப்பத்தான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஃபோல்டரும் வரவில்லை. சும்மா புளுகாதீங்கோ.

பரந்தன்_பொடியன்: நேரே ஓட்டினால் வராது. இன்னொரு ஃபைலிலிருந்து இம்போர்ட் பண்ணினால், அதாவது அழைத்துப் பயன்படுத்தினால், வரும். நேரே ஓட்டினாலும் பைட்கோட் (இடைநிலைக் குறியீடு) ஆகித்தான் ஓடுகிறது, டிஸ்கில் சேமிப்பதில்லை, அவ்வளவுதான்.

மல்லாவி_மாஸ்டர்: சிலநேரம் வரும், சிலநேரம் வராது. அப்போ பேய்தான்.

பரந்தன்_பொடியன்: சேர், மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் வணக்கம் என்று பிரின்ட். மூன்றாம் வரியில் அடைப்புக்குறியை மூடாமல் விடுங்கள். வரிவரியாக ஓடுவதென்றால் வணக்கமாவது வரவேண்டுமே? வராது, எடுத்த எடுப்பில் சின்ரக்ஸ் எரர் (இலக்கணப் பிழை). ஏனென்றால் முழு ஃபைலையும் முதலில் வாசித்துப் பைட்கோட் ஆக்கிவிட்டுத்தான் அதை ஓட்டுகிற மென்பொருளான மெய்நிகர் இயந்திரத்திடம் கொடுக்கிறது. 1995 இல் வந்த ஜாவாவும் பைட்கோட்தான், அதை மட்டும் நோட்ஸில் கொம்பைலர் பக்கம் போட்டிருக்கிறது, என்ன நியாயம்?

மல்லாவி_மாஸ்டர்: அடைப்புக்குறியை மூடிவிட்டு அதே வரியில் இல்லாத மாறி ஒன்றின் பெயரைப் போடும். வணக்கம் வரும், பிறகுதான் நேம் எரர். இது வரிவரி இல்லாமல் வேறென்ன?

பரந்தன்_பொடியன்: சியில் எழுதினதும் வணக்கம் சொல்லிவிட்டு, மூன்றாம் வரியில் பூச்சியத்தால் வகுத்தால் கவிழும். அதற்காக சியும் வரிவரி மொழியா?

நெடுங்கேணி_அக்கா: இரண்டு பேரும் மொழியையும் அதை ஓட்டுகிற மென்பொருளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். 1964 இல் டார்ட்மத் கல்லூரியில் வந்த பேசிக் என்ற நிரல் மொழியின் முதல் வடிவத்துக்கு இருந்தது கொம்பைலர். பிறகு வீட்டுக் கணினிகளில் வந்த பேசிக் பெரும்பாலும் இன்ரர்பிரற்றர். சி பிளஸ் பிளஸ்ஸுக்கே சேர்ன் ஆய்வகத்தார் கிளிங் என்று ஒரு இன்ரர்பிரற்றர் செய்து வைத்திருக்கிறார்கள். பைபை என்ற ஒன்று பைதனை ஓடஓட இயந்திர மொழியாக்குகிறது. அப்புறம் நிரல் எழுதும் பாணியைப் பார்த்துப் பொருள்நோக்கு, சார்புநிலை என்று பிரிக்கிற வகைகள் அந்த நோட்ஸில் எங்கே?

வவுனியா_வண்டு: அக்கா, பேசிக் கதையை விடுங்கோ. ஃபோல்டர் வருமா வராதா?

பரந்தன்_பொடியன்: வரும். இம்போர்ட். பண்ணுங்கள்.

வவுனியா_வண்டு: நீங்கள் சொல்லிக் கேட்டுத்தான் போனமுறை லப்டொப்புக்கு லினக்ஸ் போட்டு வைஃபையே செத்தது. திருத்தக் காசு கொடுத்தது நான்.

பரந்தன்_பொடியன்: டிரைவர் தனியாகப் போடவேண்டும் என்று அன்றைக்கே எழுதினேன். வாசிக்காதது யார்? வவுனியாக்காரருக்கு எல்லாம் அவசரம்.

வவுனியா_வண்டு: வவுனியாவை ஏன் இழுக்கிறீங்கள்? எங்களிடம் பல்கலைக்கழகமே இருக்கு.

பரந்தன்_பொடியன்: அது 2021 இல்தானே பல்கலைக்கழகம் ஆனது, அதுவரை யாழ்ப்பாணத்தின் வளாகம். எங்களுக்கு அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது.

மல்லாவி_மாஸ்டர்: அதுவும் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தின் பீடம்தான் தம்பி.

பரந்தன்_பொடியன்: பீடம் யாருடையதாவது இருக்கட்டும், ஃபோல்டர் வரும்.

மாங்குளம்_மழை: ஒரு சந்தேகம். இந்த நோட்ஸை எழுதின ஆள் யார்? மாஸ்டர் ஏன் இவ்வளவு சூடாகிறார்?

மல்லாவி_மாஸ்டர்: நான் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் திருத்தமாட்டேன்.

நெடுங்கேணி_அக்கா: நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வவுனியா_வண்டு: சரி, இம்போர்ட் பண்ணினேன், ஃபோல்டர் வந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் கிறுக்கல். இதைக் கொம்பைல் என்று யார் ஒத்துக்கொண்டது?

பரந்தன்_பொடியன்: பைட்கோட்டை நோட்பாட்டில் திறந்தால் வேறென்ன, தேவாரமா தெரியும்?