ரியாக்ட் நேட்டிவ்: ஸ்டேட்டை எந்தக் காம்போனென்ட்டில் வைப்பது?

கேள்வி

வணக்கம். ரியாக்ட் நேட்டிவில் (மொபைல் செயலிகளை எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு பணிப்பட்டியல் செயலி எழுதி வருகிறேன். ஒவ்வொரு பணியும் ‘பணிவரி’ என்ற காம்போனென்ட்டாக (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் நிரல்துண்டு), பட்டியலைக் காட்டும் ஃபிளாட்லிஸ்ட்டுக்குள் வருகிறது. பணி முடிந்ததா இல்லையா என்பதை அந்த வரியே யூஸ்ஸ்டேட் மூலம் தன் ஸ்டேட்டாக, அதாவது தன் நினைவில், வைத்துக்கொள்கிறது. திரையின் மேற்பகுதியில் முடிந்த பணிகளின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டும். ஆனால் வரிகளுக்குள் இருக்கும் ஸ்டேட்டைத் தலைப்புக் காம்போனென்ட்டால் படிக்க முடியவில்லை. மேலும், டிக் போட்ட ஒரு பணியை நீக்கினால், அதற்குக் கீழே இருந்த பணி டிக்குடன் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

மறுமொழி 1

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: தரவு அதற்கு உரிய காம்போனென்ட்டிடம் இல்லை. ப்ராப்ஸ் என்பது பெற்றோர் காம்போனென்ட் பிள்ளைக்குக் கொடுப்பது. பிள்ளை அதைப் படிக்கலாம், மாற்றக் கூடாது. ஸ்டேட் என்பது ஒரு காம்போனென்ட் தனக்கென நினைவில் வைத்திருப்பது. அதைப் பக்கத்துக் காம்போனென்ட் எட்டிப்பார்க்க வழியில்லை. முடிந்ததா என்ற தகவல் தலைப்புக்கும் வரிக்கும் தேவைப்படுவதால், இரண்டுக்கும் பொதுவான பெற்றோரான திரைக் காம்போனென்ட்டில்தான் அது இருக்க வேண்டும். வரிக்கு அந்த மதிப்பையும், அழுத்தும்போது அழைக்க வேண்டிய ஒரு ஃபங்ஷனையும் ப்ராப்ஸாகக் கொடுங்கள். எண்ணிக்கைக்குத் தனி ஸ்டேட் வேண்டாம். ஒவ்வொரு ரெண்டரிலும், அதாவது காம்போனென்ட் மீண்டும் வரையப்படும் ஒவ்வொரு முறையும், பட்டியலிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரே உண்மையை இரண்டு இடங்களில் வைத்தால் என்றாவது ஒருநாள் அவை ஒத்துப்போகாது.

மறுமொழி 2

டிக் இடம் மாறுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஃபிளாட்லிஸ்ட்டுக்கு நீங்கள் கீஎக்ஸ்ட்ராக்டர் (ஒவ்வொரு உருப்படிக்கும் அடையாளம் தரும் ஃபங்ஷன்) கொடுக்காவிட்டால், அது ஒவ்வொரு உருப்படியிலும் முதலில் ‘கீ’ என்ற புலத்தையும் பிறகு ‘ஐடி’ என்ற புலத்தையும் தேடும். இரண்டும் இல்லையென்றால் வரிசை எண்ணையே அடையாளமாக எடுத்துக்கொள்ளும். இரண்டாவது பணியை நீக்கியதும் மூன்றாவது பணி இரண்டாம் எண்ணுக்கு வருகிறது. ரியாக்ட்டின் பார்வையில் அது அதே பழைய வரிதான், ப்ராப்ஸ் மட்டும் மாறியிருக்கிறது, ஆகவே அதன் ஸ்டேட்டை அப்படியே விட்டுவைக்கிறது. பணியை உருவாக்கும்போதே மாறாத ஓர் ஐடியைக் கொடுத்துவிடுங்கள். மேலும், ஃபிளாட்லிஸ்ட் திரைக்கு வெகுதூரம் அப்பால் நகர்ந்த வரிகளை அகற்றிவிடும்; அப்போது வரிக்குள் இருந்த ஸ்டேட்டும் போய்விடும். பட்டியல் நீளமாகும்போது இது உங்களுக்குத் தெரியவரும்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஸ்டேட்டைத் திரைக் காம்போனென்ட்டுக்கு மாற்றிவிட்டேன், ஐடியும் கொடுத்துவிட்டேன். இப்போது வரியை அழுத்தும்போது, பட்டியலில் உள்ள அந்தப் பணியின் ‘முடிந்தது’ புலத்தை மாற்றி, அதே பட்டியலை, ஸ்டேட்டை மாற்ற யூஸ்ஸ்டேட் தரும் செட் ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறேன். கன்சோலில் மதிப்பு மாறியிருக்கிறது, திரை மாறவில்லை.

மறுமொழி 1

பட்டியலின் உள்ளே என்ன மாறியது என்று ரியாக்ட் துழாவிப் பார்ப்பதில்லை; பழைய மதிப்பும் புதிய மதிப்பும் ஒரே பொருளா என்று ஜாவாஸ்கிரிப்ட்டின் ஆப்ஜெக்ட்.இஸ் கொண்டு ஒப்பிடுகிறது, ஒன்றேயென்றால் மாற்றமில்லை என்று கருதிவிடுகிறது. ஆகவே, ஒவ்வோர் உருப்படியாக எடுத்துப் புதிய பட்டியல் தரும் ‘மேப்’ மூலம் புதிய பட்டியலை உருவாக்கி, மாறிய பணிக்கு மட்டும் புதிய ஆப்ஜெக்ட்டை வையுங்கள். மற்றவை பழையபடியே இருக்கலாம். செட் ஃபங்ஷனை அழைத்த உடனே நிரலின் அடுத்த வரியில் படித்தால் பழைய மதிப்புதான் கிடைக்கும், ஏனெனில் புதியது அடுத்த ரெண்டரில்தான் வரும். முந்தைய மதிப்பைச் சார்ந்து மாற்றுவதாக இருந்தால், செட் ஃபங்ஷனுக்குள் ஒரு ஃபங்ஷனையே கொடுப்பது பாதுகாப்பானது.

மறுமொழி 3

இது ரியாக்ட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2021-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட, ஆண்ட்ராய்டு திரைகளை எழுத உதவும் ஜெட்பேக் கம்போஸிலும், ஸ்டேட்டை மேலே தூக்கி, மதிப்பைக் கீழேயும் நிகழ்வுகளை மேலேயும் அனுப்புவதே பரிந்துரைக்கப்படும் முறை. 2019-இல் அறிமுகமான, ஆப்பிள் சாதனங்களுக்கான ஸ்விஃப்ட்யூஐயில் பிள்ளைக்கு ‘பைண்டிங்’ (பெற்றோரின் மதிப்போடு இருவழி இணைப்பு) கொடுத்தால் அது மதிப்பை நேரடியாக மாற்றலாம். ஆனால் அங்கும் மதிப்பின் உரிமை பெற்றோரிடமே இருக்கிறது. அதே சமயம், எல்லா ஸ்டேட்டையும் மேலே ஏற்றிவிடாதீர்கள். ஒரு வரி விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பது வேறு எவருக்கும் தேவைப்படாத வரை, வரி திரையைவிட்டு உருண்டுபோகும்போது அதை இழக்க நீங்கள் தயங்காத வரை, அந்த வரியிலேயே இருக்கட்டும்.