வயதான கண்ணோடு ஹெலி பறக்கவிடுவது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரிமோட்டில் ஓட்டும் மாடல் ஹெலிகாப்டர்தான் என் பொழுதுபோக்கு, வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கை இன்னும் சொன்னபடி கேட்கிறது, கண்தான் கேட்பதில்லை. இதே நிலையில் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள், ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. காற்று அதிகம், வெளிச்சம் சரியில்லை என்று எதையாவது சொல்லிவிட்டு சீக்கிரம் இறக்கிவிடுகிறோம். சரி, நானே ஆரம்பிக்கிறேன்.

ஹெலி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதல்ல என் பிரச்சினை. நன்றாகவே தெரிகிறது. எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் தெரிவதில்லை. விமான மாடல் என்றால் அது போகிற பக்கம்தான் மூக்கு, ஒரு நொடி குழம்பினாலும் அதன் போக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஹெலி அப்படியா? வாலை முன்னே விட்டுப் போகும், பக்கவாட்டில் நகரும், தலைகீழாக நிற்கும். நம்மைப் பார்ப்பது மூக்கா வாலா என்று மாற்றி எடுத்துக்கொண்டால், திருத்துவதற்காக நாம் தள்ளும் ஸ்டிக்கே அதைக் கவிழ்த்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6/6, அதாவது இயல்பான பார்வை என்றால் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 3 சென்டிமீட்டர் அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியலாம். 700 அளவு, அதாவது பெரிய ரக ஹெலியின் டெயில் பூம் (வாலைத் தாங்கும் குழாய்) கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான். பார்வை 6/12 ஆகிவிட்டால் அதே தூரத்தில் 6 சென்டிமீட்டர். பழைய தெளிவு வேண்டுமென்றால் 50 மீட்டருக்குள் வர வேண்டும். கண்ணாடிக் கடையில் "கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது" என்பார்கள், அந்தக் கொஞ்சத்தில் நமக்குப் பாதி மைதானம் போய்விடுகிறது.

நாற்பதுகளில் வெள்ளெழுத்து வந்ததும் எல்லாரையும் போல நானும் புரோக்ரசிவ் கண்ணாடிக்கு மாறினேன். அன்றாட வேலைக்கு அருமையான கண்ணாடி, ஹெலிக்கு எதிரி. அதில் தூரப் பார்வை மேல் பகுதியில், கிட்டப் பார்வை கீழ்ப் பகுதியில், நடுவில் ஒரு குறுகிய வழி, இரண்டு ஓரத்திலும் நெளிவு. எதிரே தாழ்வாக ஹோவர் செய்யும்போது (ஒரே இடத்தில் மிதக்கவிடும்போது) பார்வை லேசாகக் கீழே இறங்கும், அது நடுப்பகுதியில் போய் விழும், அந்தப் பகுதியோ கை நீட்டும் தூரத்துக்கு உள்ளது. மேலே பறக்கும்போது நாம் தலையைப் பின்னால் சாய்த்துவிடுகிறோம், அப்போதும் பார்வை அதே நடுப்பகுதி வழியாகத்தான் போகிறது. ஹெலி பக்கவாட்டில் வேகமாகப் போனால் கண் மட்டும் அதன்பின் ஓடும், தலை திரும்பாது, ஓர நெளிவில் ஹெலி வளைந்து நீந்துவது போலத் தெரியும். ஒருநாள் நோஸ்-இன் ஹோவரில், அதாவது மூக்கு என்னைப் பார்த்து நிற்கும்போது, ஸ்கிட் (தரையில் ஊன்றும் கால்) இரண்டும் ஒன்றாகக் குழம்பி, ஹெலி சாய்கிறதா நேராக இருக்கிறதா என்றே புரியவில்லை. இறக்கி வைத்துவிட்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குத்தான் போனேன்.

இப்போது பறப்பதற்கென்றே தூரப் பார்வைக்கு மட்டுமான கண்ணாடி, முழு லென்ஸும் ஒரே பவர். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கண் பரிசோதனை அட்டவணை 6 மீட்டர் தூரத்துக்கானது, நம் ஹெலியோ அதைவிட வெகு தூரத்தில் இருக்கிறது. இந்த வித்தியாசம் சுமார் 0.17 டையாப்டர் (லென்ஸ் பவரின் அளவு). சாதாரண ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை, வானத்தில் ஒரு வால் துடுப்பைத் தேடுகிறவனுக்கு அது இருக்கிறது. அதனால் பரிசோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, தூரத்தில் இருந்த ஒரு ஆன்டெனாவைப் பார்த்தபடியே 0.25 கூட்டிக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். பரிசோதித்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் செய்தார். அறைக்குள் தேர்ந்தெடுத்த லென்ஸ் வெளியே வந்ததும் மாறிவிட்டது. சிலிண்டர் பவர் உள்ளவர்கள் அதையும் விட்டுவிடாதீர்கள், மெல்லிய பூமும் ஸ்கிட்டும் கலங்குவதற்கு அதுவே போதும்.

தூரக் கண்ணாடி போட்டால் டிரான்ஸ்மிட்டர் திரை தெரியாதே என்பீர்கள். தெரியாதுதான். திரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். நேரம், பேட்டரி வோல்டேஜ், எந்த மாடல், எந்த மோட், எல்லாவற்றையும் குரலில் சொல்ல வைத்தாயிற்று. மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்ச் எங்கே என்று விரலுக்குத் தெரியும். பறக்கும்போது கீழே குனிந்து பார்ப்பது எந்த வயதிலும் நல்லதல்ல.

உங்கள் கதையையும் எழுதுங்கள்.

* * *

சார், புரோக்ரசிவ் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கு அதற்கு மேலே ஒன்று சேர்ந்துகொண்டது, கண்புரை.

அறைக்குள் இருக்கிற அட்டவணையை ஒழுங்காகப் படித்துவிடுவேன், அதனால் கண் நன்றாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் கதை வேறு. சூரியன் இருக்கும் பக்கம் ஹெலி போனால் அதைச் சுற்றி வெள்ளைப் புகை பரவியது போல ஆகிவிடும், கேனப்பியின் (முன்பக்க மூடியின்) நிறம் செத்துவிடும். புரை ஒளியைச் சிதறடிக்கிறது, இருட்டறையில் கறுப்பு எழுத்தைப் படிக்கும்போது அது அவ்வளவாக வெளிப்படாது, வெயிலில்தான் வெளிப்படும். மருத்துவரிடம் "எழுத்து தெரிகிறது, வெயில்தான் தாங்கவில்லை" என்று தனியாகச் சொன்ன பிறகே அந்தக் கோணத்தில் பார்த்தார். கண்ணாடியை மாற்றி மாற்றிப் பணம் கொடுப்பவர்கள் இதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சையில் எந்த லென்ஸ் வைப்பது என்ற கேள்வி வந்தபோது, கிட்டே தூரம் இரண்டுக்கும் ஆகிற மல்டிஃபோகல் லென்ஸைப் பற்றி விளக்கினார்கள். கண்ணாடியே வேண்டாம் என்பது ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது வருகிற ஒளியைப் பங்கு போட்டுக்கொள்கிறது, அதனால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் குறையும், விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியலாம். நமக்கு வேண்டியதே கான்ட்ராஸ்ட். தூரத்துக்கு மட்டுமான மோனோஃபோகல் போதும் என்றேன், படிக்க ஒரு கண்ணாடி சட்டைப் பையில் கிடக்கிறது. ஒரு கண் கிட்டே, ஒரு கண் தூரத்துக்கு என்றும் வைப்பார்கள், அதில் பழகிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பத்தடியில் ஹோவர் செய்யும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தை அளக்க வேண்டும் என்பதால் எனக்கு அது சரிப்படவில்லை.

முதல் கண் முடிந்து இரண்டாவது கண்ணுக்குக் காத்திருந்த காலம்தான் விசித்திரம். ஒரு கண்ணில் வானம் பளிச்சென்று நீலம், மறு கண்ணில் பழுப்பு. இத்தனை நாளும் மஞ்சள் கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்திருக்கிறேன்! அந்தக் காலம் முழுக்க மைதானத்துக்குப் போனேன், ஸ்டிக்கைத் தொடவில்லை. புழுதியும் காற்றும் உள்ள இடத்துக்கு எப்போது போகலாம் என்பதையும் மருத்துவரே சொல்லட்டும்.

* * *

பெரிய ஹெலி வாங்கினால் போதும் என்று எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. வாங்கினேன். சிறிய ரகமான 450-ன் ரோட்டர் விட்டம் 70 சென்டிமீட்டர் சுமார், 700-க்கு 1.6 மீட்டர் சுமார், அதனால் இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும், உண்மைதான். என்ன ஆகிறது என்றால், பெரிதாகத் தெரிகிறதே என்று இரண்டு மடங்கு தூரத்துக்குக் கொண்டுபோய்விடுகிறோம். மறுபடி அதே புள்ளி, இந்த முறை அதிக எடையோடு. 2000 ஆர்பிஎம்மில் சுற்றும் 700-ன் பிளேடு நுனி மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்துக்குப் பக்கத்தில் போகிறது. கண் சந்தேகமாக இருக்கும் ஆளுக்கு இதை முதல் மருந்தாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தூரத்தைக் குறைப்பது செலவில்லாத வழி. அப்புறம் பெரியதை வாங்கலாம்.

* * *

நான் பறக்கவிடுவதில்லை, அப்பாதான். வயது 68. நான் பக்கத்தில் நிற்கும் ஸ்பாட்டர்.

முதலில் நான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா தூரமாப் போகுது, அப்பா மரம், அப்பா இறக்குங்க." அவருக்கு எரிச்சல் வந்து, வாயை மூடிக்கொண்டு நில், இல்லையென்றால் வண்டியில் போய் உட்கார் என்றுவிட்டார். நியாயம்தான், அவர் கவனமே என் குரலில் போய்விட்டது. பிறகு பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் மட்டும் நான் வாய் திறப்பேன், அதுவும் "மூக்கு", "வால்", "இடது", "வலது" என்று ஒரே சொல், நம்மைப் பார்த்து எது இருக்கிறது அல்லது மூக்கு எந்தக் கைப்பக்கம் என்று. ஆள் நடமாட்டம் வந்தால் மட்டும் கேட்காமலே "ஆள்" என்பேன். மற்றபடி மௌனம். இதைத் தரையிலேயே ஹெலியைக் கையில் தூக்கித் திருப்பித் திருப்பிக் காட்டிப் பழகினோம், பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

மாலை வெளிச்சத்தில் அவருக்குத் திடீரென்று ஒன்றும் தெரிவதில்லை, எனக்கோ நன்றாகத் தெரிகிறது. அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். வயதானால் கண்மணி சிறுத்துவிடுகிறது, லென்ஸும் மஞ்சளித்துவிடுகிறது, 60 வயதில் விழித்திரைக்குப் போகும் ஒளி 20 வயதில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவர் அவரிடமே சொன்ன பிறகு, சூரியன் சாயும் முன்பே அவராகப் பெட்டியை மூட ஆரம்பித்தார். நான் சொன்னால் கேட்டிருக்க மாட்டார்.

* * *

நிறம் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஃப்ளூரசன்ட் மஞ்சள் கேனப்பி எல்லாருக்கும் பிடிக்கும், மரங்களுக்கு எதிரே அதை அடிக்க ஆள் இல்லை. புற ஊதாவை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருவதால் மேகமூட்டத்திலும் பளிச்சிடும். ஆனால் வெளுத்த வானத்துக்கு எதிரே போனால் எந்த நிறமும் நிழலுருவாகிவிடும், அங்கே நிறம் வேலை செய்யாது, உருவம்தான் வேலை செய்யும். அதனால் என் ஹெலியில் மேல்பக்கமும் முன்பக்கமும் மஞ்சள், வயிற்றுப் பக்கம் கறுப்பு, ஒரு ஸ்கிட் ஆரஞ்சு, இன்னொன்று கறுப்பு. வால் துடுப்பு மட்டும் அளவில் பெரியது, அதன் குறுக்கே தடித்த ஒரே பட்டை. கடையில் வரும் கேனப்பிகளில் தீப்பொறி, மின்னல், மண்டையோடு என்று பத்து நிறத்தில் வரைந்திருப்பார்கள், கையில் வைத்துப் பார்க்க அழகு, ஐம்பது மீட்டரில் எல்லாம் சேர்ந்து சாம்பல். சிவப்பை மாலையில் நம்பாதீர்கள், வெளிச்சம் குறையக் குறைய முதலில் இருண்டு போகிற நிறம் அது.

குளிர்கண்ணாடியில் போலரைஸ்டு வேண்டாம். திரையைக் கொஞ்சம் திருப்பினால் எல்சிடி கறுத்துவிடும். நீல வானத்துக்குப் பழுப்பு நிற லென்ஸ் எனக்கு நன்றாக இருக்கிறது. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் சூடான நாளில் அவ்வளவாகக் கறுக்காது, வெயில் அதிகமாக இருக்கும் அன்றைக்கே ஏமாற்றும். முன்விளிம்பு நீண்ட தொப்பி இவை எல்லாவற்றையும் விட உதவி.

* * *

சின்னதாக ஒன்று. பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது வானத்தில் இரண்டாவதாக ஒரு கறுப்புப் புள்ளி ஓடியது. பறவை என்று நினைத்து ஹெலியை விலக்கினேன், அதுவும் கூடவே விலகியது. கண்ணுக்குள் மிதக்கும் புள்ளி! வயதானால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் விழித்திரையை விட்டுப் பிரியும்போது இப்படி வரும், பெரும்பாலும் பழகிவிடும் என்றார்கள். ஆனால் திடீரென்று கொத்தாகப் புள்ளிகள், மின்னல் வெட்டு, ஓரத்தில் திரை விழுந்தது போல இருந்தால் விழித்திரை கிழிந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேட்டரி மிச்சம் இருக்கிறதே என்று நிற்காதீர்கள்.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, ஸ்பாட்டர் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி, அந்த ஒற்றைச் சொல் முறையை என் மகளோடு முயன்று பார்க்கப் போகிறேன்.

ரெஸ்க்யூ பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தார்கள். என் ஃப்ளைபார்லெஸ் யூனிட்டில் (ஹெலியை நிலையாக வைக்கும் மின்னணுப் பெட்டியில்) இருக்கிறது, சுவிட்சைத் தட்டினால் ஹெலி தன்னை நேராக்கிக்கொண்டு மேலே ஏறும். திசை தொலைந்தால் மூளை யோசிக்கும் முன் விரல் அங்கே போக வேண்டும், அதற்கு உயரத்தில் வேண்டுமென்றே தட்டித் தட்டிப் பழக வேண்டும். ஆனால் அது மூக்கு எந்தப் பக்கம் என்று சொல்லாது. நேராக்கித் தரும், அவ்வளவுதான். தாழ்வாகப் பறக்கும்போது அது வேலை செய்யும் முன் தரை வந்துவிடலாம். இதை நம்பித் தூரத்தைக் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

பட்டறை மேசையிலும் கண் வேலைதான். பால் லிங்க் (உருண்டை மூட்டு) சரியாக உட்கார்ந்திருக்கிறதா, 1.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் திருகின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடியும் ஒரு நல்ல விளக்கும் வைத்திருக்கிறேன். பிளேடு வேரில் முடி மாதிரி ஒரு விரிசல் இருந்தால் வெறும் கண்ணுக்கு இனி தெரியப் போவதில்லை, அதற்கு போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

அப்புறம், எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டவருக்கு: எண் எதுவும் சொல்ல மாட்டேன், உங்கள் கண் எனக்குத் தெரியாது. நான் செய்வது இதுதான். பேட்டரி மாட்டும் முன் ஹெலியைத் தரையில் பக்கவாட்டில் வைத்துவிட்டுப் பின்னால் நடந்து போகிறேன், அவ்வப்போது திரும்பிப் பார்க்கிறேன். வால் துடுப்பின் பட்டை எங்கே மறைகிறதோ அந்த இடத்திலிருந்து கொஞ்சம் முன்னே வந்து நிற்கிறேன். அன்றைக்கு அதுதான் எல்லை. வெயில் நாளில் அது ஒரு தூரம், மேகமூட்டத்தில் வேறு, சரியாகத் தூங்காத மறுநாள் இன்னும் கிட்டே வந்துவிடுகிறது. மதியத்துக்கு மேல் மறுபடி ஒருமுறை நடந்து பார்ப்பேன்.