உடைந்து வந்த ஹெட்லைட்: விற்றவரிடம் எப்படிப் பேசுவது?

எல்லோருக்கும் வணக்கம். என் காருக்கு ஒரு ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் ஆன்லைனில் வரவழைத்தேன். இரண்டும் ஒரே பெட்டியில், நடுவில் தடுப்பு எதுவும் இல்லாமல் வந்து சேர்ந்தன. பெட்டியின் ஒரு மூலை அமுங்கியிருந்தது. பார்த்ததுமே மனசு திக்கென்றது.

ரேடியேட்டரில் உள்ளங்கை அகலத்துக்கு ஃபின்கள் (மெல்லிய உலோகத் தகடுகள்) மடங்கிக் கிடக்கின்றன. அதைக்கூட மெதுவாக நிமிர்த்திவிடலாம், டியூபில் ஓட்டை இல்லாமல் இருந்தால் சரி. ஹெட்லைட்தான் பிரச்சினை. முன்பக்கம் கீறல்கூட இல்லை. ஆனால் பின்னால் போல்ட் மாட்டும் மூன்று காதுகளில் இரண்டு ஒடிந்துவிட்டன. விற்றவர், "பசை போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறேன்" என்கிறார். ஒட்டின காது ஓட்டத்தின் அதிர்வில் விட்டுப்போனால் விளக்கின் கோணம் மாறி, எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும். இதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

பெட்டி, முகவரிச் சீட்டு, உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் அன்றே படம் எடுத்துவிட்டேன். பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, டெலிவரி ஆளிடம் கையெழுத்தும் போட்டுவிட்டேன். விற்றவர் கூரியரைக் கேளுங்கள் என்கிறார். கூரியரிலோ, அனுப்பியவர்தான் புகார் தர வேண்டுமாம்.

இப்படி நடுவில் மாட்டி மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விற்றவருக்கு எழுத்தில் எப்படிக் கேட்டீர்கள்? இப்போது அவர் தரும் கொஞ்சப் பணத்தை வாங்கிக்கொண்டால், அப்புறம் முழுத்தொகை கேட்க வழியில்லாமல் போகுமா? கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெற்றவர்கள், என்னென்ன ஆதாரம் கேட்டார்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.