புதுப்பிப்பு: நின்ற இடத்திலும் இரையும் சர்வோ மோட்டார்

இலக்கை அடைந்து நின்ற பிறகும் சர்வோ மோட்டார் (சொன்ன நிலைக்குச் சுழன்று அங்கேயே நிற்கும் மோட்டார்) இரைகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். சாம்பிளிங் வேகத்தை, அதாவது மோட்டாரின் நிலையை எவ்வளவு அடிக்கடி படிக்கிறோம் என்பதை, கூட்டச் சொன்னார்கள் சிலர். கூட்டியதில் இரைச்சல் அதிகமானதுதான் மிச்சம்! கணக்குப் போட்டதும் காரணம் புரிந்தது. மோட்டாரின் சுழற்சியை அளக்கும் என்கோடர் சுற்றுக்கு 2000 துடிப்பு தருகிறது; அதை 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை படிக்கிறோம். ஒரே ஒரு துடிப்பு மாறினாலும் வேகம் நிமிடத்துக்கு 30 சுற்று என்று வரும். 0.5 மில்லி வினாடிக்கு ஒருமுறை படித்தால் அதுவே 60. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பிஐடி கணக்கில், மாற்றத்தின் வேகத்தைப் பார்க்கும் டி பகுதி இந்தத் தாவலைப் பெருக்கி மோட்டாருக்கு அனுப்பிவிடுகிறது.

சரி, வேகக் கணக்குக்கு மட்டும் திடீர்த் தாவல்களை மட்டுப்படுத்தும் லோ-பாஸ் ஃபில்டர் போட்டேன், சத்தம் அடங்கியது. ஃபில்டரால் வரும் தாமதத்துக்காக கெயினை (பிழையை எவ்வளவு பலமாகத் திருத்துவது என்ற பெருக்கு எண்ணை) கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. மெதுவான ஓட்டத்துக்கு, இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளப்பதே மேல். அடுத்து அதைத்தான் எழுதப் போகிறேன்.