துருப்பிடித்த ஸ்பிட்ஃபயர்: முழு வண்டியாக விற்பதா, கழற்றி விற்பதா?

பழையசாவி (லெஸ்டர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 1973ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 ஒன்று இருக்கிறது, இரண்டு இருக்கை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1296 சிசி எஞ்சின், ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள கியர் பாக்ஸ், கழற்றி மாட்டும் இரும்புக் கூரை. பதிவுப் புத்தகம் என் பெயரில் இருக்கிறது. 2006இல் கொட்டகைக்குள் தள்ளியது, அதன்பின் ஓடவில்லை. ஓய்வு பெற்றபின் நானே சரிசெய்யலாம் என்றிருந்தேன். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. தரையில் படுத்து வேலை செய்ய இனி இயலாது. அக்டோபரில் வீட்டையும் காலி செய்கிறோம்.

என் அப்பா மதுரையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஓட்டினார். டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம், வண்டலூர் ஆலையில் செய்த வண்டி. ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம் ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்ததுதான் என்று அறிந்த பிறகே இதை வாங்கினேன்.

'புதுப்பிக்க ஏற்ற வண்டி' என்று விளம்பரம் கொடுத்தால் முழு வண்டிக்கு ஆயிரம் பவுண்டு கிடைக்கும் போலிருக்கிறது. பாகம் பாகமாகக் கழற்றி விற்றால் இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்கிறார் நண்பர். எது சரி?

உலைக்களம் (பர்மிங்ஹாம்)

கழற்றி விற்றுவிடுங்கள் ஐயா. இருபத்திரண்டு ஆண்டுகளாக வெல்டிங் பட்டறை நடத்துகிறேன், கணக்கைச் சொல்கிறேன். கதவடிப் பெட்டி (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு) இரண்டு பக்கமும், தரைத்தகடு இரண்டு, கதவுத் தூணின் அடிப்பாகம், பின்பெட்டியின் தரை. ஒழுங்காகச் செய்தால் நூற்றைம்பது மணி நேரத்துக்குக் குறையாது. மணிக்கு ஐம்பது பவுண்டு என்றால் ஏழாயிரத்து ஐந்நூறு. பெயின்ட் தனி, எஞ்சின் தனி, இருக்கை தனி. அந்தப் பணத்துக்கு இன்றே சாவி போட்டு ஓட்டிப்போகும் நல்ல ஸ்பிட்ஃபயர் கிடைக்கிறது.

வாங்குபவர் ஆசையோடு பிரிப்பார். இரண்டு குளிர்காலம் போகும். பிறகு பாகங்கள் பெயர் எழுதாத அட்டைப்பெட்டிகளில் என் வாசலுக்கு வரும், அல்லது நேராகக் காயலான் கடைக்குப் போகும். அப்போது உங்கள் ஓவர்டிரைவும் இரும்புக் கூரையும் சேர்ந்தே அழியும். இப்போதே கழற்றினால் ஐந்தாறு வண்டிகள் பிழைக்கும்.

மூன்றாங்கியர் (நாட்டிங்ஹாம்)

இந்த மணிக்கணக்கை நான் ஏற்கவில்லை. பட்டறைக்குக் கொடுத்துச் செய்தால்தான் அது செலவு. சொந்தக் கையால் செய்கிறவனுக்கு அந்த நூற்றைம்பது மணி நேரம்தான் வண்டியை வாங்குவதற்கே காரணம். மாலை வகுப்பில் வெல்டிங் கற்றுக்கொண்டு நான்கு ஆண்டுகளில் ஒரு மார்க் 3ஐ ஓட வைத்தேன். எனக்கு அதற்கு முன் பழக்கம் சைக்கிள் பஞ்சர் ஒட்டியது மட்டுமே.

கற்றுக்கொள்வதற்கு இதைவிட ஏற்ற வண்டி கிடையாது. பானட் என்பது மூடி மட்டும் அல்ல. வண்டியின் முன்பக்கம் முழுவதும் முன்னால் சாய்ந்து திறக்கும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம். அடிச்சட்டம் தனி, உடல் தனி. கதவடிப் பெட்டியும் தரைத்தகடும் புதிதாகவே விற்கிறார்கள். 1977 முதல் டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் இந்த வண்டிகளுக்காகவே இயங்குகிறது. சந்தேகம் கேட்க ஆள் இருக்கிறது.

1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் ஸ்பிட்ஃபயர்கள் செய்தார்கள். இன்று மிச்சமிருப்பவற்றில் பாதியாவது, கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது என்று தெரிந்தும் யாரோ கை வைத்ததால்தான் ஓடுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் உங்கள் வாதம் வென்றிருந்தால் என் வண்டி இன்று இல்லை.

உலைக்களம்

தம்பி, நீங்கள் முடித்தவர். முடிக்காதவர்களை நான் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு ஒருவர் ஒரு ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார். கதவுக்குக் கீழே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் அந்தப் பெட்டித் தகட்டை ஹெரால்டில் வெட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதன் அடிச்சட்டத்தில் பக்கவாட்டில் நீளமான இரும்புச் சட்டம் உண்டு. ஸ்பிட்ஃபயருக்காகக் குறுக்கும்போது அந்தப் பக்கச் சட்டத்தை விட்டுவிட்டார்கள். அதன் பலம் முழுவதும் கதவடிப் பெட்டிக்கு வந்துவிட்டது: உள்தகடு, நடுவில் வலுத்தகடு, வெளித்தகடு என்று மூன்று அடுக்கு. அவர் கதவு வாயிலுக்குக் குறுக்குக் கம்பி அடிக்காமல், நடுவில் தாங்கலும் கொடுக்காமல் இரண்டு பக்கமும் ஒரே நாளில் வெட்டிவிட்டார். உடல் நடுவில் தொய்ந்துவிட்டது. கதவின் பின் ஓரம் மேலே உரசியது, கீழே விரல் நுழைந்தது. அப்படியே புதுத் தகட்டை ஒட்டியும்விட்டார். அந்தக் கதவு இனி எந்நாளும் மூடாது. நல்ல வண்டி அது. ஆசையால் கெட்டது.

கயல் (ரெடிங்)

இரண்டு பேரும் விற்கும் முறையைப் பற்றியே பேசுகிறீர்கள். விளம்பரத்தில் என்ன எழுதப்போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் நான் ஏமாந்திருக்கிறேன்.

'மேலோட்டமான துரு, புதுப்பிக்க மிக ஏற்றது' என்று போட்டிருந்தார்கள். இருட்டிய பிறகு போய்ப் பார்த்தது என் தவறு. வீட்டுக்குக் கொண்டுவந்து காந்தத்தைத் துணியில் சுற்றிப் பின்சக்கர வளைவில் வைத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், அங்கேயும் விழுந்தது. உளியால் தட்டியபோது பட்டி (ஓட்டையை மறைக்கப் பூசும் பூச்சு) அப்பளம் போல உடைந்து வந்தது. அதன் கீழே கோழிக்கூண்டுக் கம்பிவலை. வலைக்குப் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். வண்டியின் அந்த இடத்தில் இரும்பே இல்லை. விற்றவர் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று எழுதிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் தனிநபர் விற்றாலும் பொருள் அதன் விவரணைக்குப் பொருந்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சாலைக்குத் தகுதியில்லாத வண்டியை விற்பது 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். சரிசெய்யும்வரை அது சாலைக்கு வராது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விற்பவருக்குப் பாதுகாப்பு. நாற்பது ஆண்டு தாண்டிய பெரும்பாலான வண்டிகளுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயம் இல்லை. வாங்கியவர் அப்படியே ஓட்டிப் போனாலும் தடுத்து நிறுத்த இடையில் யாரும் இல்லை. அதனால் எழுத்தில் கொடுங்கள் அண்ணா: ஓடாது, ஓட்டக் கூடாது, ஏற்றிச் செல்ல வண்டி கொண்டுவர வேண்டும்.

ஹெரால்டு68 (தாம்பரம்)

இங்கிருந்து ஒரு குரல். நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதில் ஒன்று என் வீட்டில் இன்னும் ஓடுகிறது. முன் சஸ்பென்ஷனில் பல பாகங்கள் ஸ்பிட்ஃபயருக்கும் இதற்கும் ஒரே குடும்பம். எனக்குக் கிடைத்த நல்ல பாகங்கள் எல்லாம் அங்கே யாரோ கழற்றிய வண்டிகளிலிருந்து, ஊருக்கு வந்தவர்களின் பெட்டியில் வந்தவை. கழற்றுவதைக் கொலை போலப் பேச வேண்டாம். ஒரு வண்டி போய்த்தான் எங்கள் வண்டி நிற்கிறது.

மூன்றாங்கியர்

அதை மறுக்கவில்லை. ஆனால் கழற்ற வேண்டிய வண்டி எது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பழையசாவி அண்ணா, மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, திருப்புளியால் கதவடிப் பெட்டியை முழு நீளத்துக்கும் குத்திப் பாருங்கள். இரண்டு, இருக்கைக்குப் பின்னால் பின் அச்சைப் பிடித்திருக்கும் கை (தாங்குகை) உடலில் பிடிக்கும் இடத்தைப் பாருங்கள். அது போயிருந்தால் வேலை பெரிது. மூன்று, யாரையாவது கிளட்சை மிதிக்கச் சொல்லி, எஞ்சினின் முன்னால் உள்ள கப்பியை உற்றுப் பாருங்கள். கப்பி முன்னால் நகர்ந்தால் திரஸ்ட் வாஷர் (எஞ்சினின் சுழல்தண்டு முன்பின் நகராமல் தடுக்கும் தகடு) தேய்ந்திருக்கிறது. இந்த எஞ்சினின் பழைய நோய். கழன்று விழுந்துவிட்டால் எஞ்சினின் உடற்கட்டே அரைபட்டுவிடும்.

பழையசாவி

சனிக்கிழமை மகன் வந்திருந்தான். இருவரும் சேர்ந்து பார்த்தோம்.

இடது பக்கக் கதவடிப் பெட்டியில், பின்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், திருப்புளி பிடிவரை உள்ளே போனது. இழுத்தபோது ஈரமான செந்தூள் ஒரு கைப்பிடி கொட்டியது. வலது பக்கம் குத்தினால் போகவில்லை, ஆனால் ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் பிடிக்கவில்லை. அங்கே பட்டி இருக்கிறது. நான் பூசியது இல்லை, எனக்கு முன் இருந்தவர் காலத்தது. பயணி பக்கத் தரையில் ஓட்டை. பின் அச்சின் தாங்குகை இரண்டு பக்கமும் கெட்டியாக இருக்கிறது. அடிச்சட்டத்தின் முன்பாதியில் முப்பது ஆண்டு எஞ்சின் எண்ணெய் கசிந்து படிந்திருக்கிறது. அதைச் சுரண்டினால் ஆலையில் அடித்த கறுப்பு பெயின்ட் அப்படியே தெரிகிறது.

மகன் கிளட்சை மிதித்தான். கப்பி முன்னால் வந்தது. சந்தேகமே இல்லை, கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது முறை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. பதிவுப் புத்தகமும் அடையாளத் தகடும் மட்டும் போதும், நானூறு தருகிறேன் என்று ஒருவர் கேட்டார்.

உலைக்களம்

அதற்கு மட்டும் இணங்காதீர்கள். வேறொரு வண்டிக்கு உங்கள் வண்டியின் பெயரைச் சூட்டத்தான் கேட்கிறார். நாளை திருட்டு வண்டி ஒன்றின் மேல் உங்கள் எண் இருக்கும்.

மற்றபடி நீங்கள் சொன்னதைக் கேட்டபின் என் கருத்து இன்னும் உறுதியாகிறது. எஞ்சினும் பிரிக்க வேண்டும், உடலும் வெட்ட வேண்டும். கழற்றுங்கள்.

கயல்

எனக்கு அந்தப் பட்டியல் போதும். நான் பணம் கொடுத்த விளம்பரத்தில் இதில் ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு ஆண்டு அழுகை மிச்சம். அண்ணா, இதை ஒரு சொல்லும் மாற்றாமல் விளம்பரத்தில் போடுங்கள். திருப்புளி உள்ளே போன இடத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து முதல் படமாக வையுங்கள்.

பழையசாவி

இரவு முழுவதும் யோசித்தேன். அடிச்சட்டம் கெட்டிருந்தால் உலைக்களம் சொன்னபடியே செய்திருப்பேன். அது நன்றாக இருக்கிறது, தாங்குகையும் நன்றாக இருக்கிறது. அதனால் முழு வண்டியாகவே விற்கிறேன். கேட்கும் விலை எண்ணூறு. ஆயிரம் கேட்க மனம் வரவில்லை. கிளட்ச் சோதனை, பட்டி, ஓட்டை எல்லாம் விளம்பரத்தில் எழுதிவிட்டேன். எஞ்சினைக் கிளப்பிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். செப்டம்பர் கடைசிவரை காத்திருப்பேன். யாரும் வராவிட்டால் கழற்றுகிறேன். தாம்பரத்து நண்பருக்கு முன் சஸ்பென்ஷன் பாகங்களைத் தனியாக எடுத்து வைப்பேன்.

உலைக்களம்

தவறான முடிவு என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் வண்டி உங்களுடையது. வாங்க வருகிறவரிடம் என் எண்ணைக் கொடுங்கள். வெட்டுவதற்கு முன் கதவு வாயிலுக்கு அடிக்க வேண்டிய குறுக்குக் கம்பியை நானே வந்து அளவெடுத்துப் பற்றவைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம். ஒரு பக்கம் முழுவதும் முடித்துக் கதவு மூடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபக்கம் தொட வேண்டும். அதை எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள்.

செப்டம்பர் தாண்டினால் பானட் எனக்கு.