போர்டும் ரேமும் மாற்றியபின் ஸ்டாக்கிங் பாதியில் மூடிக்கொள்கிறது: ரேமா, மென்பொருளா?

இரவாடி:
போன மாதம் மதர்போர்டு, 16 கோர் பிராசசர், 64 ஜிபி டிடிஆர்5 ரேம் எல்லாம் மாற்றினேன். பழைய எஸ்எஸ்டியை அதிலிருந்த விண்டோஸோடு அப்படியே மாட்டிவிட்டேன். அதிலிருந்து ஸ்டாக்கிங் மென்பொருள் (ஒரே வான்பொருளின் பல படங்களை அடுக்கி ஒரே படமாக்குவது) சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. எம்31 ஆண்ட்ரோமெடா விண்மீன்மண்டலம், 200 ஃபிரேம். ஒருநாள் 63ஆவது ஃபிரேமில், மறுநாள் 148இல், நேற்று கடைசி இணைப்பில். கேம் மணிக்கணக்கில் ஓடுகிறது. பழைய கணினியில் இதே ஃபிரேம்கள் ஒருதடவைகூட மக்கர் பண்ணியதில்லை.

கரும்புள்ளி:
பழைய விண்டோஸைத் தூக்கிவந்து மாட்டினீர்கள் அல்லவா, அங்கேயே கதை முடிந்தது. பழைய போர்டின் டிரைவர்கள் எல்லாம் உள்ளேதான் கிடக்கும். சுத்தமாக நிறுவுங்கள்.

பழைய_லென்ஸ்:
அவசரப்படாதீர்கள். டிரைவர் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில் விழும். இங்கே இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. இரவாடி, விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ஒவ்வொரு கிராஷுக்கும் எந்த மாட்யூல் (மென்பொருளின் பகுதி) காட்டுகிறது? பயாஸில் எக்ஸ்எம்பி, அதாவது ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு, போட்டிருக்கிறீர்களா?

இரவாடி:
மூன்றிலும் நினைவக அத்துமீறல் என்ற அதே பிழைதான், ஆனால் மாட்யூல் மூன்றும் வேறு வேறு. எக்ஸ்எம்பி 6000 வேகத்தில் இருக்கிறது, 16 ஜிபி ரேம் குச்சிகள் நான்கு. ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டினேன். நான்கு சுற்று, பிழை 0.

கரும்புள்ளி:
பிழை 0! இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? 8 த்ரெட்டில் (பிராசசர் ஒரேநேரத்தில் ஓட்டும் வேலைகள்) தூங்கிக்கொண்டிருந்த மென்பொருள் பிழை 32 த்ரெட்டில் விழித்துக்கொள்ளும். அதுவும் இப்படித்தான் இடம் மாற்றி மாற்றி விழும். அப்புறம் கணக்கையும் பாருங்கள். 26 மெகாபிக்சல் வண்ண ஃபிரேம் 32 பிட்டில் விரிந்தால் 313 எம்பி. 32 த்ரெட்டும் ஆளுக்கொன்று திறந்தால் 10 ஜிபி, த்ரெட்டுக்கு இரண்டு மூன்று நகல் என்றால் இன்னும் மேலே. 64 இருக்கிறதே என்று பேஜ்ஃபைலை (ரேம் போதாதபோது எஸ்எஸ்டியில் கைகொடுக்கும் இடம்) அணைத்துவிட்டீர்களா?

இரவாடி:
இல்லை, அப்படியே இருக்கிறது. நினைவகம் தீர்ந்ததாக 2004 எண் பதிவு எதுவும் இல்லை.

பழைய_லென்ஸ்:
நான்கு குச்சி, அதுவும் 6000இலா! எக்ஸ்எம்பி என்பதே ஓவர்கிளாக்தான். சேனலுக்கு (ரேமுக்கான பாதை) இரண்டு குச்சி மாட்டினால் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் திணறும். குச்சி தனியாக நல்லதாகவே இருக்கலாம். மெம்டெஸ்ட் ஓடும்போது இருக்கும் சூடு வேறு, ஸ்டாக்கிங்கில் எல்லாக் கோரும் சேர்ந்து கொதிக்கும்போது இருக்கும் சூடு வேறு. கேமில் ஒரு பிக்சல் நிறம் மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு பாய்ன்டரில் (நினைவக முகவரியில்) ஒரு பிட் புரண்டால் மென்பொருள் அங்கேயே விழும்.

கரும்புள்ளி:
மெம்டெஸ்டில் பிழை வந்தால் ரேம். வராவிட்டாலும் ரேம். நன்றாக இருக்கிறது! நீங்கள் தோற்பதற்கும் வழியுள்ள ஒரு சோதனையைச் சொல்லுங்கள், கேட்கிறேன்.

பழைய_லென்ஸ்:
நியாயமான கேள்வி. ஃபிரேமுக்கு 52 எம்பி, 200 ஃபைலும் சேர்ந்து 10 ஜிபிக்குச் சற்று மேல். எல்லாக் கோருக்கும் வேறொரு வேலை கொடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் சர்ட்யுடில் கொண்டு 200க்கும் ஷா-256, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், எடுங்கள். 20 சுற்று. ஒரு ஃபைலுக்கு எத்தனை தரம் எடுத்தாலும் ஒரே எண்தான் வர வேண்டும். ஸ்டாக்கிங் மென்பொருளுக்கு இதில் வேலையே இல்லை. எதுவும் மாறாவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஸ்டாக் செய்த படங்களை ஒப்பிட வேண்டாம், கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கம் மாறிவிடும்.

கரும்புள்ளி:
ஒப்புக்கொள்கிறேன். எக்ஸ்எம்பியை அணைத்தும் ஒருதரம் ஓட்டுங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்டி மேல் சந்தேகம் நிற்கும்.

இரவாடி:
ஓட்டியாயிற்று. 7ஆவது சுற்றில் 137ஆம் ஃபைல் வேறு எண் காட்டியது, 16இல் 22ஆம் ஃபைல். அந்த இரண்டையும் தனியாக எடுத்தால் மறுபடி பழைய எண்ணே வருகிறது. எக்ஸ்எம்பியை அணைத்தேன், ரேம் 3600க்கு இறங்கியது. 40 சுற்று ஓட்டியும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதே விண்டோஸ், அதே மென்பொருள், 200 ஃபிரேமும் முழுதாக ஸ்டாக் ஆகிவிட்டது. சில நிமிடம் கூடுதலாகப் பிடித்தது, அவ்வளவுதான்.

கரும்புள்ளி:
சரி, தோற்றேன். ஆனால் நீங்கள் இருவரும் யோசிக்காத ஒன்று. எழுதும்போது பிட் புரண்டால் மென்பொருள் விழாது, ஃபைல்தான் கெடும். ஒரு மாதமாக இந்தக் கணினியில் செய்த, படங்களைத் திருத்த உதவும் மாஸ்டர் டார்க் (கேமராவை மூடி எடுத்தவை), ஃபிளாட் (சீரான ஒளியில் எடுத்தவை) எல்லாம்? டெலஸ்கோப் பக்கத்திலிருந்து நகலெடுத்த மூலப் படங்கள்?

இரவாடி:
அய்யோ. படம்பிடித்த மினி பிசியில் மூலங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஷா எடுத்து ஒப்பிட்டேன்: 199 ஒத்துப்போகின்றன, 91ஆம் ஃபைல் மட்டும் ஒத்துப்போகவில்லை. மாஸ்டர்கள் மூன்றையும் அழித்துவிட்டேன்.

பழைய_லென்ஸ்:
91ஐ மினி பிசியிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டுமென்றால் இரண்டு குச்சியைக் கழற்றிவிட்டு 6000இல் அதே 20 சுற்று ஓட்டிப் பாருங்கள்.

கரும்புள்ளி:
வேண்டாம். 64 ஜிபி ஸ்டாக்கிங்குக்கு வேண்டியிருக்கிறது. 3600இலேயே விடுங்கள்.

இரவாடி:
3600தான். டார்க் எடுக்கக் கேமராவை மூடிவைத்திருக்கிறேன், 40 ஃபிரேம், நிமிடத்துக்கு ஒன்று.