விவசாய பீடரைத் தனியாகப் பிரித்தால் லோ வோல்டேஜ் தீருமா?

கழனிக்காரன், அணைக்கட்டு:
வணக்கம். இலவம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் கழனி. முள்ளுக் கத்திரி, கொஞ்சம் தென்னை. போர்வெல்லில் 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். எங்கள் லைனில் கடைசி சர்வீஸ் நாங்கள்தான். பகலில் எல்லா மோட்டாரும் ஓடும்போது ஸ்டார்ட்டர் வோல்ட்மீட்டர் முள் 320-ஐத் தாண்டாது. போன கோடையில் மோட்டார் காயில் எரிந்துபோய், ரீவைண்டிங் முடித்துக் கொண்டுவருவதற்குள் கத்திரிப் பூ எல்லாம் கொட்டிவிட்டது.

இப்போது விவசாய பீடரை, அதாவது துணை மின்நிலையத்திலிருந்து வரும் லைனை, தனியாகப் பிரிக்கப்போகிறார்கள், மீட்டரும் வரும் என்று பேச்சு. மீட்டர் வந்தால் இலவச கரண்ட் போச்சு என்று அப்பா பயப்படுகிறார். பீடரைப் பிரித்தால் வோல்டேஜ் ஏறுமா? மீட்டர் எங்களுக்கும் உண்டா?

ரிட்டையர்டு லைன் இன்ஸ்பெக்டர், காட்பாடி:
தம்பி, மீட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆர்.டி.எஸ்.எஸ். என்ற மின் விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் விவசாய இணைப்புகளுக்குக் கிடையாது, மற்றவர்களுக்குத்தான். பீடருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் உண்டு. எங்கே எவ்வளவு கரண்ட் வீணாகிறது என்று கண்டுபிடிக்க அது. எல்லா விவசாயிக்கும் இலவசம் என்பது 1990-லிருந்து மாநில அரசு மானியம் கொடுத்து நடத்துவது. அப்பாவிடம் தைரியமாகச் சொல்.

டிரான்ஸ்பார்மர் மீட்டரை நாமே கேட்டு வாங்க வேண்டும் என்பேன். கணக்கைப் பார். 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் பேஸுக்குச் சுமார் 130 ஆம்ப்ஸ் தாங்கும். 7.5 எச்.பி. மோட்டார் ஒன்று 11, 12 ஆம்ப்ஸ் இழுக்கும். அப்படியானால் பத்துப் பதினோரு மோட்டாருக்கு மேல் தாங்காது. பாலாறு வறண்டு போர் ஆழம் போகப்போக, 5 எச்.பி. வைத்திருந்தவர் 7.5, 10 என்று மாற்றிவிட்டார். ஆபீஸ் ரெஜிஸ்டரில் இன்னும் பழைய 5 தான் இருக்கும். மீட்டர் இருந்தால் உண்மையான லோடு எழுத்தில் வந்துவிடும், வேறு டிரான்ஸ்பார்மர் கேட்க நம் கையில் ஆதாரம் இருக்கும்.

பீடர் பிரிப்பு நல்ல வேலைதான். வீடுகளுக்கு ஒரு லைன், மோட்டார்களுக்கு ஒரு லைன். மும்முனை இல்லாத நேரத்தில், வீடுகளுக்கு வரும் கரண்டில் கண்டென்சர் போட்டு மோட்டார் ஓட்டி டிரான்ஸ்பார்மரைக் கெடுப்பது நிற்கும். குசும் என்ற மத்திய அரசு சோலார் திட்டத்தில் விவசாய பீடருக்கென்றே சோலார் வைத்துப் பகலில் மின்சாரம் தரவும் வழி உண்டு. ஆனால் உன் வோல்டேஜ் அதனால் மட்டும் ஏறாது. டிரான்ஸ்பார்மரிலிருந்து உன் போர் வரை வருவது அதே நீளமான எல்.டி. (தாழ்வழுத்த) கம்பிதானே. கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பியில் இழப்பு நான்கு மடங்கு. ஹெச்.டி. (உயரழுத்த) லைனையே கழனிக்குள் இழுத்து, 25 கேவிஏ சின்ன டிரான்ஸ்பார்மரை இரண்டு மோட்டாருக்கு ஒன்று என்று வைப்பதுதான் மருந்து. ஹெச்.வி.டி.எஸ். என்பார்கள்.

திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணை மின்நிலையமே இருக்கிறது. பெரிய லைனுக்கு நம் பக்கம் குறைவில்லை. மாநில அரசு திட்டம் போடும்போது முதல் பணம் இந்தக் கடைசி எல்.டி. கம்பிக்குப் போக வேண்டும். சர்வீஸில் இருந்த காலமெல்லாம் இதைச் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

தறிக்காரர், குடியாத்தம்:
விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவசத்தை 2023-ல் 1000 ஆக்கினார்கள். எங்களுக்கு எப்போதுமே மீட்டர் உண்டு. மீட்டர் இருப்பதால் சலுகை போய்விடவில்லை.

கழனிக்காரன்:
ரொம்ப நன்றி ஐயா, அண்ணே. ஆபீஸில் போய் என்ன கேட்பது? வாயால் சொன்னால் "பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

ரிட்டையர்டு லைன் இன்ஸ்பெக்டர், காட்பாடி:
வாயால் சொல்லாதே, எழுதிக் கொடு. உங்கள் டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா சர்வீஸ் நம்பரும், இப்போது ஓடும் எச்.பி.யும் போட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கு. ஆம்ப்ஸ் அளக்கும் டாங் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனை உச்சி நேரத்தில் கூட்டிவந்து, உன் ஸ்டார்ட்டரில் மூன்று பேஸிலும் ஆம்ப்ஸ், வோல்டேஜ் பார்த்துத் தேதியோடு எழுதச் சொல். டிரான்ஸ்பார்மர் பக்கம் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம், அது லைன்மேன் வேலை. மனுவை ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) கொடுத்து நகலில் சீல் வாங்கு. அப்புறம் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவைக் கொடு.

அதுவரை ஒவ்வொரு மோட்டாருக்கும் சரியான அளவு கெப்பாசிட்டர் போடச் சொல். மேலே சொன்ன கண்டென்சர் வேலை இல்லை இது; மும்முனையில் ஓடும்போது லைனில் இழுக்கும் ஆம்ப்ஸ் குறையும். நீ ஒருவன் போட்டால் பத்தாது, லைனில் உள்ள அத்தனை பேரும் போட வேண்டும்.